அடம் என்று சொல்லிவிடும் முன்

என் கணவர் அரசுப் பேருந்தில் நடத்துநர். மதுரையிலிருந்து அருப்புக்கோட்டை, எட்டயபுரம், தூத்துக்குடி வழியாகத் திருச்செந்தூர் போகும் தடம். கோயிலுக்குப் போகும் குடும்பங்கள் ஏறும் வண்டி என்பதால் கைக்குழந்தை இல்லாத நடையே கிடையாது. மத்தியான வேளையில் ஒரு குழந்தை வீறிட்டு அழ ஆரம்பித்தால் பாதிப் பேர் தாயைத் திரும்பிப் பார்ப்பார்கள், மீதிப் பேர் “என்ன இந்தப் பிள்ளை இப்படி அடம் பிடிக்கிறது” என்பார்கள். இவர் முதலில் பார்ப்பது அவர்கள் எந்தப் பக்க இருக்கையில் இருக்கிறார்கள் என்பதைத்தான். தெற்கே போகும் வண்டியில் மத்தியானத்துக்கு மேல் வலது பக்கம் முழுக்க வெயில். இடது பக்கம் இடம் மாற்றிக் கொடுத்து, “தண்ணீர் கொடுத்தீர்களா அம்மா, பிள்ளை கடைசியாக எப்போது சாப்பிட்டது?” என்று கேட்பார். பெரும்பாலும் அழுகை அங்கேயே தணிந்துவிடும் என்று சொல்வார்.

எங்களுக்கு நான்கு வயதில் ஒரு மகள், ஒன்றரை வயதில் ஒரு மகன். அவர் வண்டியில் கற்றுக்கொண்டதை வீட்டுக்கும் கொண்டுவந்தார். பிள்ளை புரண்டு அழுகிறதா? பசியா, தூக்கமா, உடம்புக்கு முடியவில்லையா, ஆளைத் தேடுகிறதா என்று நான்கையும் பார்த்த பிறகுதான் அதற்குப் பெயர் வைக்க வேண்டும். நான்கையும் பார்த்து முடிக்கும்போது அடம் என்று சொல்ல அனேகமாக ஒன்றும் மிஞ்சுவதில்லை. சிறு பிள்ளை வளர்க்கும் வீடுகளுக்கு நான் சொல்ல நினைப்பது இதைத்தான். ஒவ்வொன்றிலும் எங்களுக்கு எது உதவியது என்பதை எழுதுகிறேன்.

சோற்றிலிருந்து தொடங்குகிறேன், எங்கள் வீட்டில் அதிகம் குரல் உயர்ந்தது சோற்றுக்காகத்தான். நான் தணிக்கையாளர் அலுவலகம் ஒன்றில் கணக்கு வேலை பார்க்கிறேன். பேறுகாலச் சட்டத்தில் 2017இல் வந்த திருத்தத்தால் 26 வாரம் சம்பளத்துடன் விடுப்பு கிடைத்தது. பிரசவத்துக்குப் பிறகே மொத்தத்தையும் எடுத்துக்கொண்டேன். ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும் கொடுத்துவிட்டு, திட உணவு தொடங்க வேண்டிய நேரத்தில் விடுப்பும் முடிந்தது. அதனால் மகனுக்கு முதல் கேழ்வரகுக் கூழை ஊட்டியது என் அம்மாதான், பிள்ளைகளுக்கு அம்மாச்சி. காலையில் பாலைப் பீய்ச்சி வைத்துவிட்டுப் போவேன். அறை வெப்பத்தில் நான்கு மணி நேரம் இருக்கும் என்று எல்லாரும் சொல்வது 25 டிகிரி வரையில்தான். மதுரைக் கோடையில் அந்தக் கணக்கு செல்லாது, பீய்ச்சியதும் நேரே குளிர்பெட்டிக்குத்தான் போக வேண்டும்.

ஒரு வயது வரை கொடுத்ததையெல்லாம் வாங்கிக்கொண்டவன், அதற்குப் பிறகு இரண்டு வாய் வாங்கிவிட்டு உதட்டை இறுக்கிக்கொள்ள ஆரம்பித்தான். ஊரிலிருந்து வந்த அப்பத்தா பார்த்துவிட்டு, “பிள்ளை நூலாகிப் போனான், கண் பட்டிருக்கிறது” என்று மிளகாய், உப்பு எடுத்துச் சுற்றிப் போட்டார். அதில் எனக்கு ஒரு மனத்தாங்கலும் இல்லை, பேரன் மேல் உள்ள அன்பைக் காட்ட அவர் அறிந்த வழி அது. என் மனம் அமைதியானது குழந்தை மருத்துவர் சொன்ன கணக்கில். மூன்று கிலோவில் பிறக்கும் பிள்ளை ஐந்து மாதத்தில் ஏறக்குறைய இரு மடங்காகிறது, ஒரு வயதில் மும்மடங்கு. இரண்டாவது ஆண்டு முழுக்க ஏறுவதோ இரண்டு, இரண்டரைக் கிலோதான். வளர்த்தியின் வேகம் குறையும்போது பசியும் குறைகிறது. அது நோய் இல்லை, பிடிவாதமும் இல்லை. உடம்பு கேட்பது அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு வீட்டில் ஒரு முடிவுக்கு வந்தோம். என்ன கொடுப்பது, எப்போது கொடுப்பது என்பது எங்கள் பொறுப்பு. எவ்வளவு சாப்பிடுவது என்பது அவன் பொறுப்பு. மூன்று வேளைச் சாப்பாடு, இடையில் இரண்டு முறை சிறு தீனி, நடுவில் வேறொன்றும் கிடையாது. இந்த “வேறொன்றும் கிடையாது” தான் கடினம். ஒரு வீட்டில் எத்தனை கைகள் பிள்ளைக்கு பிஸ்கட் நீட்டுகின்றன என்பது அப்போதுதான் தெரிந்தது. கீழ்வீட்டு அக்கா ஒன்று, பால் வாங்கப் போன கடையில் ஒன்று, அழுகிறானே என்று தாத்தா ஒன்று. பதினோரு மணிக்கு இரண்டு பிஸ்கட் தின்ற பிள்ளை பன்னிரண்டரைக்குப் பருப்புச் சாதம் வேண்டாம் என்றால் அது நியாயம்தானே?

பாலும் அப்படித்தான். சோறு இறங்கவில்லை, பாலாவது குடிக்கட்டும் என்று நாம் நினைக்கிறோம். பாலால் வயிறு நிறைந்துவிட்டால் சோறு இன்னும் இறங்காது. ஒரு வயதுக்கு மேல் ஒரு நாளைக்கு நானூறு, ஐந்நூறு மில்லிக்கு மேல் பால் வேண்டியதில்லை. மாட்டுப்பாலில் இரும்புச்சத்து மிகக் குறைவு, அதையே நம்பி வளரும் பிள்ளைக்கு ரத்தசோகை வரும். ரத்தசோகை வந்தால் பசி இன்னும் மந்தமாகும். புட்டியை எடுத்துவிட்டுச் சின்ன எவர்சில்வர் டம்ளரில் காலையும் மாலையும் என்று மாற்றிய பிறகு, மத்தியானச் சாப்பாடு தானாகச் சரியாகிவிட்டது.

இப்போது தரையில் பழைய செய்தித்தாள் விரித்து, தட்டில் கொஞ்சம் போட்டு அவன் கையிலேயே விட்டுவிடுகிறோம். நெய் விட்டுப் பிசைந்த பருப்புச் சாதம், ஒரு துண்டு வேகவைத்த முட்டை, கேரட் மசியல். பாதி தலையில், கால்வாசி தாளில், மீதிதான் வயிற்றில். ஆனாலும் நாங்கள் திணித்த நாட்களைவிட இது அதிகம். சாப்பிடும்போது அவன் ஒரு காரியம் செய்வான். தாளில் ஒட்டியிருக்கும் ஒற்றைச் சோற்றுப் பருக்கையைக் கட்டை விரலாலும் ஆட்காட்டி விரலாலும் மெல்லப் பிடிப்பான். நழுவும். மறுபடி பிடிப்பான். நாக்கு ஒரு ஓரமாக வெளியே வந்திருக்கும். பிடிபட்டதும் அதைத் தன் வாயில் போட்டுக்கொள்ள மாட்டான். எதிரில் யார் உட்கார்ந்திருக்கிறோமோ அவர் வாய்க்குக் கொண்டுவருவான். வாங்கிக்கொண்டு “ம்ம்” என்று சொன்னால்தான் அடுத்த பருக்கையைத் தேடுவான். கைப்பேசியைக் காட்டி ஊட்டினால் வாய் திறக்கும், உண்மைதான். இந்தப் பருக்கை கிடைக்காது. இரண்டு வயது வரை திரையே வேண்டாம், இரண்டிலிருந்து நான்கு வயது வரை ஒரு நாளில் ஒரு மணி நேரத்துக்குள் என்று உலக சுகாதார நிறுவனம் 2019இல் சொல்லியிருக்கிறது. மகனுக்கு முதலாவதை உறுதியாகப் பிடித்திருக்கிறோம். மகளுக்கு மாலையில் அரை மணி நேரம், அதுவும் யாராவது கூட உட்கார்ந்து பார்க்கும்போது மட்டும்.

தானே சாப்பிடும் பிள்ளைக்கு எதைக் கொடுக்கக் கூடாது என்பதும் முக்கியம். முழு வேர்க்கடலை, பொரிகடலை, பட்டாணி, முழுத் திராட்சை, கடின மிட்டாய் எல்லாம் மூச்சுக்குழாயை அடைக்கும். திராட்சையை நீளவாக்கில் நான்காக நறுக்குகிறோம். வேர்க்கடலையை அரைத்துத்தான் சேர்க்கிறோம், முழுசாக ஐந்து வயது வரை இல்லை. ஓடிக்கொண்டோ சிரித்துக்கொண்டோ சாப்பிட விடுவதில்லை. தேன் ஒரு வயது முடியும் வரை கூடாது. பிறந்த பிள்ளையின் நாக்கில் தேன் தொட்டு வைக்கும் வழக்கம் எங்கள் இரண்டு வீட்டிலும் உண்டு. தேனில் இருக்கக்கூடிய ஒருவகைக் கிருமியைக் குழந்தையின் குடல் தாங்காது என்று மருத்துவர் சொன்னதை அப்பத்தாவிடம் பக்கத்தில் உட்கார்ந்து எடுத்துச் சொன்னோம். அவர் கேட்டுக்கொண்டார். பெரியவர்களிடம் ஆளனுப்பிச் சொல்லாமல், பிள்ளை பிறப்பதற்கு முன்பே நேரில் சொல்லிவிடுவது நல்லது. பிறந்த வீட்டுப் பரபரப்பில் சொன்னால் அது சண்டையாகத்தான் முடியும். வசம்பும் மூக்கில் எண்ணெய் விடுவதும் அப்படிப் பேசியே நின்றன. எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டுவதும் தூளியில் போட்டுத் தாலாட்டுவதும் தொடர்ந்தன. அவற்றை அப்பத்தாவைப் போல எங்கள் யாருக்கும் செய்ய வராது.

தூக்கத்தைப் பற்றி வீடுகளில் போதுமான அளவு பேசுவதில்லை என்பது என் எண்ணம். ஒன்று, இரண்டு வயதுப் பிள்ளைக்குப் பகல் தூக்கமும் சேர்த்து 11 முதல் 14 மணி நேரம் தூக்கம் வேண்டும். மூன்று, நான்கு வயதுக்கு 10 முதல் 13. நம் வீடுகளில் அப்பா வேலையிலிருந்து வந்து பார்க்கட்டும், தொடர் முடியட்டும், இரவுச் சமையல் ஆகட்டும் என்று பத்தரை வரை பிள்ளையும் விழித்திருக்கிறது. காலையில் ஆறரைக்கு எழுப்பினால் கணக்கு எங்கே சேரும்? குறைந்த தூக்கம் மறுநாள் மாலை ஆறு மணிக்குத் தெரியும். கேட்டது சிவப்பு டம்ளர், வந்தது பச்சை என்பதற்காகத் தரையில் புரண்டு அழுவாள் மகள். டம்ளர் மேல் அவளுக்கு ஒரு கோபமும் இல்லை. அவள் உடம்பு களைத்துப்போயிருக்கிறது.

கணவருக்கு நேரம் மாறி மாறி வரும் பணி என்பதால் “அப்பா வரும் வரை” என்ற ஏற்பாட்டை நாங்கள் முதலிலேயே விட்டுவிட வேண்டியிருந்தது. ஏழு மணிக்குச் சாப்பாடு, ஏழரைக்கு வெந்நீர்க் குளியல், எட்டு மணிக்கு விளக்கைக் குறைத்துவிட்டு ஒரு கதை. கதை தினமும் ஒன்றேதான், மகள் வேறு கதைக்கு ஒப்புக்கொள்வதில்லை. காட்டுக்குள் தொலைந்த ஆட்டுக்குட்டியின் கதையில் ஆட்டுக்குட்டி எந்த மரத்தடியில் நின்றது என்பதை நான் மாற்றிச் சொன்னால் எழுந்து உட்கார்ந்துவிடுவாள். திரும்பத் திரும்ப ஒன்றையே கேட்பது பெரியவர்களுக்குத்தான் அலுப்பு. அடுத்து என்ன வரும் என்று முன்கூட்டியே தெரிந்திருப்பதில் பிள்ளைக்கு ஒரு தைரியம் இருக்கிறது. அதனால்தான் தினமும் ஒரே வரிசையில் காரியங்கள் நடக்கும் வீட்டில் அழுகை குறைவு. இவர் அதிகாலைப் பணியில் போய் மத்தியானம் திரும்பும் நாட்களில் மாலைக் குளியல் அவர் பொறுப்பு. இரவு வெகுநேரம் கழித்துத் திரும்பும் நாட்களில் மறுநாள் காலை பிள்ளைகளை எழுப்புவது அவர்தான். அப்பாவுக்கு உரிய நேரம் இரவாகத்தான் இருக்க வேண்டும் என்று ஒன்றும் இல்லை.

உடம்புக்கு முடியாத நாட்களில் எங்களுக்கு மிகவும் பயன்பட்டது எதையும் சீட்டில் எழுதி அலமாரிக் கதவில் ஒட்டி வைத்ததுதான். நடு இரவில் காய்ச்சல் வந்த பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு யாராலும் தெளிவாக யோசிக்க முடியாது.

காய்ச்சல் மருந்தில் எல்லாரும் தெரிந்துகொள்ள வேண்டிய ஒன்று உண்டு. பாரசிட்டமால் எடைக்குத் தக்கபடி கொடுக்கும் மருந்து, ஒரு கிலோ எடைக்குப் பத்து முதல் பதினைந்து மில்லிகிராம். சொட்டு மருந்தாக வருவதில் பொதுவாக ஒரு மில்லியிலேயே 100 மில்லிகிராம் இருக்கும். சிரப்பில் ஐந்து மில்லிக்கு 120, 125 என்றும் உண்டு, 250 என்றும் உண்டு. பத்துக் கிலோப் பிள்ளைக்கு 150 மில்லிகிராம் என்றால் சொட்டு மருந்தில் ஒன்றரை மில்லி, 125 சிரப்பில் ஆறு மில்லி, 250 சிரப்பில் மூன்று மில்லி. மூன்றும் ஒரே அளவு மருந்துதான். சிரப் கணக்கை நினைவில் வைத்துக்கொண்டு சொட்டு மருந்தை ஆறு மில்லி ஊற்றினால் நான்கு மடங்கு உள்ளே போய்விடும். அதனால் வீட்டில் ஒரே வகைப் புட்டி மட்டும் வைத்திருக்கிறோம். மருத்துவர் அந்தப் புட்டிக்கென்று சொன்ன மில்லியை அதன் மேலேயே எழுதி ஒட்டியிருக்கிறோம். எடை ஏறும்போது கேட்டு மாற்றி எழுதுகிறோம். இரண்டு வேளைகளுக்கு நடுவே எத்தனை மணி நேரம் விட வேண்டும் என்பதும் அந்தச் சீட்டிலேயே இருக்கிறது.

வயிற்றுப்போக்குக்கு ஓ.ஆர்.எஸ். என்னும் உப்பு-சர்க்கரைப் பொடி. பெரிய பொட்டலம் என்றால் முழுவதையும் ஒரு லிட்டர் கொதித்து ஆறிய தண்ணீரில் கரைக்க வேண்டும். கொஞ்சம் பொடி, கொஞ்சம் தண்ணீர் என்று கண்ணளவில் கலக்கவே கூடாது, உப்பு கூடினால் பிள்ளைக்கே ஆபத்து. கரைத்தது 24 மணி நேரத்துக்குத்தான். கரண்டி கரண்டியாகக் கொடுக்க வேண்டும், வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் விட்டு மறுபடி மெதுவாக. துத்தநாக மாத்திரை 14 நாள். மூன்றாம் நாள் போக்கு நின்றுவிட்டது என்று மாத்திரையை நிறுத்துகிறவர்கள் அதிகம், முழுவதும் கொடுத்தால்தான் அடுத்த முறை வருவதும் குறையும். தாய்ப்பாலும் சோறும் வழக்கம்போலத் தொடர வேண்டும். வயிற்றுக்கு ஓய்வு என்று பட்டினி போடக் கூடாது.

சளியோடு இருக்கும் பிள்ளையின் மூச்சை எண்ணக் கற்றுக்கொண்டதும் பெரிய உதவி. தூங்கும்போது சட்டையைத் தூக்கிவிட்டு, வயிறு ஏறி இறங்குவதை ஒரு முழு நிமிடம் எண்ண வேண்டும். இரண்டு மாதம் முதல் ஒரு வயது வரை நிமிடத்துக்கு 50 அல்லது அதற்கு மேல், ஒரு வயது முதல் ஐந்து வயது வரை 40 அல்லது அதற்கு மேல் என்றால் அது வேகமான மூச்சு, விடியும் வரை காத்திருக்கக் கூடாது. விலா எலும்புக்குக் கீழே குழி விழுந்தாலும், பிள்ளை குடிக்க மறுத்துத் துவண்டு கிடந்தாலும், வலிப்பு வந்தாலும் 108தான். எங்கள் சீட்டில் இவை சிவப்பு மையில் இருக்கின்றன.

இனி நான்காவது, ஆளைத் தேடுவது. இதை மகளிடம்தான் கண்டோம். தம்பி பிறந்ததும் அவள் நன்றாகத்தான் இருந்தாள். அவன் தவழ ஆரம்பித்து, எல்லாரும் அவனைப் பார்த்துக் கைதட்டத் தொடங்கியபோதுதான் மாறினாள். எப்போதோ நிறுத்திய பால் புட்டியைக் கேட்டாள், இரவில் படுக்கையை நனைத்தாள், தானாகப் போட்டுக்கொண்டிருந்த செருப்பைப் போட்டுவிடச் சொன்னாள். வீட்டுக்கு வருகிறவர்கள் சும்மா இருக்க மாட்டார்கள். “இனி உன்னை யார் தூக்குவார்கள், தம்பி வந்துவிட்டான் பார், உன்னை வெளியே விட்டுவிடப் போகிறோம்” என்று விளையாட்டாகச் சொல்வார்கள். நான்கு வயதில் விளையாட்டென்று புரியாது. யார் இப்படிச் சொன்னாலும் அவர்கள் முன்னாலேயே அவளைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு, “அப்படி இல்லை, இவள்தான் எங்கள் முதல் பிள்ளை” என்று சொல்வதைக் கணவர் வழக்கமாக்கிக்கொண்டார். வந்தவர்கள் முகம் கொஞ்சம் சுருங்கினாலும் பரவாயில்லை.

புட்டி கேட்டபோது மறுக்கவில்லை, கேலி செய்யவும் இல்லை. இரண்டு நாள் உறிஞ்சிவிட்டு அவளே வைத்துவிட்டாள். கூடவே, தினமும் மாலையில் ஒரு கால் மணி நேரம் தம்பியை அம்மாச்சியிடம் கொடுத்துவிட்டு அவளோடு மட்டும் இருக்க ஆரம்பித்தேன். என்ன செய்வது என்பதை அவள்தான் தீர்மானிப்பாள். பெரும்பாலும் கடை விளையாட்டு, நான் காய் வாங்க வர வேண்டும். கத்தரிக்காய் என்ன விலை என்றால் “இருபது” என்பாள். குறைத்துக் கொடுங்கள் என்றால், சற்று யோசித்து “நூறு” என்பாள். வேலை முடிந்து வந்த களைப்பு எனக்கு அங்கே போய்விடுகிறது. வேறு எந்த அறிவுரையைப் பின்பற்றாவிட்டாலும் இரண்டாவது பிள்ளை உள்ள வீடுகள் இந்தக் கால் மணி நேரத்தைப் பின்பற்ற வேண்டும் என்று கேட்டுக்கொள்வேன். படுக்கை நனைவதும், தம்பியின் கையைப் பிடித்து முறுக்குவதும் திட்டி நின்றதைவிட இதில்தான் நின்றன. தம்பிக்கு வேண்டியதை எடுத்துத் தரும் வேலைகளை அவளிடம் கட்டாயப்படுத்துவதில்லை. தானாக வந்து செய்தால் நன்றி சொல்கிறோம். அக்கா என்பதற்காக எல்லாவற்றையும் விட்டுக்கொடுக்கச் சொல்வதும் இல்லை, அவளுக்கும் நான்கு வயதுதான்.

காலையில் அவள் அங்கன்வாடிக்குப் போகிறாள். தனியார் மழலையர் பள்ளியில் சேர்க்கவில்லையா என்று கேட்பவர்கள் உண்டு. எங்கள் தெருவின் அங்கன்வாடியில் பாட்டு, விளையாட்டு, கலவைச் சாதம், முட்டை எல்லாம் கிடைக்கின்றன, தெருப் பிள்ளைகள் எல்லாரோடும் பழக்கமும் கிடைக்கிறது. 1975இல் தொடங்கிய திட்டம், இன்னும் நம் தெருவில் நமக்காக நடக்கிறது. மகனுக்குச் சத்துமாவு வாங்கப் போகும்போது அங்கேயே எடை பார்த்து வளர்ச்சிக் கோட்டில் புள்ளி வைத்துத் தருகிறார்கள். அந்தக் கோடு பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிடும் பழக்கத்திலிருந்து என்னை விடுவித்தது. ஒரு பிள்ளை குண்டா ஒல்லியா என்பதைவிட, அதன் கோடு அதன் பாதையில் ஏறுகிறதா என்பதுதான் கேள்வி. கோடு படுத்தாலோ இறங்கினாலோ மருத்துவரிடம் போக வேண்டும். ஏறிக்கொண்டிருந்தால் ஒல்லியான பிள்ளையை அப்படியே விட்டுவிடலாம்.

இந்த நான்கில் அடங்காத அழுகையும் உண்டு. வேண்டியது கிடைக்காத அழுகை. கத்தி வேண்டும் என்பான், சுவிட்சில் விரல் விட வேண்டும் என்பான். அதற்கு வீட்டையே மாற்றிவிடுவது எளிது. அரிவாள்மனையும் அரிசி களையும் பாத்திரமும் மேடைக்குப் போய்விட்டன. கொசுமருந்துக் குப்பியும் தரை துடைக்கும் திரவமும் தாழ்ப்பாள் போட்ட அலமாரிக்குள். குளியலறை வாளியை இரவில் காலியாகக் கவிழ்த்து வைக்கிறோம், சிறு பிள்ளை மூழ்க ஒரு சாண் தண்ணீரே போதும். கீழே உள்ள தண்ணீர்த் தொட்டியின் மூடிக்கு வீட்டுக்காரரிடம் சொல்லிப் பூட்டு போட்டோம். “வேண்டாம், தொடாதே” என்று ஒரு நாளில் நாம் சொல்லும் எண்ணிக்கை குறைந்தால், சொல்கிற ஒன்றிரண்டுக்கு மதிப்பு வருகிறது. மற்ற அழுகைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பதுதான். விளக்கம் சொல்வதில்லை, அழும்போது எதுவும் காதில் விழாது. அழுது முடித்து மடிக்கு வருவான். அப்போது தண்ணீர் கொடுத்து, ஒரே வரியில் சொன்னால் போதும்.

பொறுமை தீர்ந்துபோகும் நேரம் எந்தத் தாய்க்கும் வரும். பகல் முழுக்க வேலை, மாலையில் இரண்டு பிள்ளைகளும் ஒன்றாக அழுதால் கை ஓங்கத் தோன்றும். அதற்கு எங்களுக்குள் ஒரு சொல் வைத்திருக்கிறோம். “நீங்கள் வாருங்கள்” என்று நான் சொன்னால் அவர் வேறெதுவும் கேட்காமல் வந்து பிள்ளைகளை வாங்கிக்கொள்வார். அவர் சொன்னால் நானும் அப்படியே. இருவரில் ஒருவர் மட்டும் இருக்கும்போது, பிள்ளையைப் பாதுகாப்பான இடத்தில் உட்காரவைத்துவிட்டு அடுத்த அறைக்குப் போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வர இரண்டு நிமிடம் போதும். அடித்து அடங்கிய பிள்ளை பயந்துதான் அடங்கியிருக்கிறது. நாம் சொல்லிக்கொடுக்க நினைத்தது அதற்குப் போய்ச் சேரவில்லை.

பயம் காட்டுவதையும் அதே காரணத்துக்காக நிறுத்தினோம். பூச்சாண்டி வருவான், போலீஸ் பிடித்துப் போகும், சாப்பிடாவிட்டால் டாக்டர் ஊசி போடுவார் என்பதெல்லாம் அந்த நேரத்துக்கு வேலை செய்யும். பிறகு உண்மையாகவே மருத்துவமனைக்குப் போகும்போது வாசலிலேயே பிள்ளை அலறும். தண்டனையாகச் சொன்ன இடத்துக்கு யார்தான் தைரியமாகப் போவார்கள்? மருத்துவர் தொண்டையைப் பார்க்கவே முடியாமல், பார்க்க வேண்டியதைப் பார்க்காமல் திரும்பும் நிலைகூட வரும்.

மகனுக்கு 16 மாதத்திலிருந்து 24 மாதத்துக்குள் போட வேண்டிய முத்தடுப்பு ஊசியின் ஊக்க அளவும், தட்டம்மை-ரூபெல்லா இரண்டாம் அளவும் பாக்கி இருக்கின்றன. வரும் புதன்கிழமை ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போகிறோம், தாய் சேய் அட்டையை எடுத்துப் பைக்குள் வைத்தாகிவிட்டது. கணவர் அன்றைக்குப் பணியை மாற்றிக் கேட்டிருக்கிறார், அக்காவும் கூட வருகிறாள். வலிக்காது என்று அவனிடம் சொல்லப்போவதில்லை. கொஞ்சம் வலிக்கும், அப்பா பிடித்துக்கொள்வார், முடிந்ததும் பால் குடிக்கலாம் என்று சொல்லப்போகிறோம். இதில் பாதியாவது அவனுக்குப் புரியும் என்று அக்கா உறுதியாக நம்புகிறாள், இப்போதே தினமும் அவனிடம் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.